கராஷிமா: காவிரிக்கரைக்கு மட்டும்தானா, வட ஆற்காட்டுக்கும் பங்கு உண்டா?

தொடக்கக் கேள்வி (காட்பாடி வாசகர் ஒருவர்), மார்ச் 2, மாலை 7.10

நொபொரு கராஷிமா என்ற ஜப்பானிய வரலாற்று ஆசிரியரை ஆளாளுக்குப் புகழ்கிறார்கள். எனக்கு ஒரு சந்தேகம். அவர் எழுதியதெல்லாம் காவிரிக்கரை. சோழன், தஞ்சாவூர், திருச்சி, அவ்வளவுதான். பாலாற்றுப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. படைவீடு, வேலூர்க் கோட்டை, நம்ம நாயக்கர்கள் பற்றி ஒரு வரி எழுதியிருக்கிறாரா? அது போக, 2010இல் கோவையில் தமிழுக்கு அவ்வளவு பெரிய மாநாடு நடந்தபோது வரமாட்டேன் என்று சொன்னவர். இவருக்கு ஏன் இத்தனை கொண்டாட்டம்? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

மார்ச் 2, இரவு 9.50

எழுதியிருக்கிறார் தம்பி. தலைப்பிலேயே நம் மாவட்டத்தின் பழைய பெயர் இருக்கிறது. 16ஆம் நூற்றாண்டில் வட ஆற்காடு, தென் ஆற்காடு மாவட்டங்களில் நாயக்கர் ஆட்சி எப்படி நடந்தது என்று 1985இல் ஒரு நீண்ட கட்டுரை. 1992இல் விஜயநகர ஆட்சியைப் பற்றி ஒரு தனிப் புத்தகமே வந்தது. பாக்கியை நாளைக்கு எழுதுகிறேன். இங்கே கரண்ட் போய்ப் போய் வருகிறது.

மார்ச் 3, காலை 6.15

முதலில் ஆள் யார் என்று பார்த்துவிடலாம். 1933இல் பிறந்தவர், தோக்கியோ பல்கலைக்கழகத்தில் படித்தவர். போர் முடிந்த ஜப்பானில் அந்தத் தலைமுறை மாணவர்களுக்கு மார்க்ஸ் பெரிய விஷயம். ஆசியாவின் கிராமம் ஆயிரம் வருஷமாக அசையவே இல்லை, நிலம் ஊருக்குப் பொது, மேலே ராஜா மட்டும் மாறிக்கொண்டிருப்பான் என்று ஒரு பழைய கருத்து உலவிக்கொண்டிருந்தது. அது மெய்தானா என்று பார்க்க எங்கே ஆதாரம் கிடைக்கும்? வட இந்தியாவில் அந்தக் காலத்து ஊர்க்கணக்கு இந்த அளவுக்குக் கிடைக்காது. தமிழ்நாட்டிலோ கோயில் சுவர் முழுக்க ஊர்க்கணக்கு. அப்படித்தான் இங்கே வந்தார். 1961இலிருந்து 1964 வரை சென்னைப் பல்கலைக்கழகம். மத்திய அரசின் கல்வெட்டு அலுவலகம் அப்போது ஊட்டியில் இருந்தது, 1966இல்தான் மைசூருக்குப் போனது. ஊட்டிக் குளிரில் உட்கார்ந்து, அச்சேறாத கல்வெட்டுப் படிகளை வரி வரியாகப் படித்தார்.

அதிலிருந்து வந்தது அல்லூர், ஈசானமங்கலம் கட்டுரை, 1966. இரண்டும் திருச்சிக்கு மேற்கே காவிரித் தென்கரையில் இருந்த ஊர்கள். அல்லூரில் வேளாளர் ஊர்ச்சபை, ஈசானமங்கலத்தில் பிராமணர் சபை. முற்காலச் சோழர் கல்வெட்டுகளை வைத்துப் பார்த்தால், அல்லூரில் நிலத்தை விற்பது 'ஊர்', அதாவது எல்லாரும் சேர்ந்து. ஈசானமங்கலத்தில் விற்பவர்கள் தனி ஆட்கள். பக்கத்துப் பக்கத்து ஊர், ஒரே வாய்க்கால் தண்ணீர், ஆனால் நிலம் யார் கையில் என்பதில் இவ்வளவு வித்தியாசம். பிற்காலச் சோழர் காலத்துக்கு வந்தால் பிராமணர் அல்லாத ஊர்களிலும் தனி ஆட்கள் வாங்குவதும் விற்பதுமாக ஆகிவிடுகிறது. அசையாத கிராமம் என்ற பேச்சு அத்தோடு முடிந்தது.

இதைச் சொல்ல அவருக்குப் பெரிய கல்வெட்டு எதுவும் தேவைப்படவில்லை. அரசனைப் புகழும் மெய்க்கீர்த்தி வேண்டாம், போர் வேண்டாம். இன்னார் இன்னாருக்கு இத்தனை மா நிலம் விற்றார் என்ற சாதாரணக் கல்வெட்டுகள் போதும். நம் ஆட்கள் புரட்டிவிட்டுப் போகும் பக்கங்கள் அவை.

மார்ச் 3, மாலை 5.30

"நீங்கள் பேராசிரியரா?" என்று கேட்டிருக்கிறார் பேரணாம்பட்டு நண்பர். இல்லை சார். வருவாய்த் துறை. விஏஓவாக (கிராம நிர்வாக அலுவலர்) சேர்ந்து ஆர்ஐயாக (வருவாய் ஆய்வாளர்) ஓய்வு பெற்றவன். கல்வெட்டு எனக்குப் பிடித்ததற்குக் காரணமும் அதுதான்.

1980 நவம்பரில் எம்ஜிஆர் அரசு கர்ணம் (ஊர்க் கணக்கர்), மணியக்காரர் என்ற பரம்பரைப் பதவிகளை ஒரே அவசரச் சட்டத்தில் ஒழித்தது. அதற்குப் பிறகு வந்த புது விஏஓக்களில் நானும் ஒருவன். அணைக்கட்டுப் பக்கம் ஒரு கிராமம். பழைய கர்ணம் வீட்டுக்குக் கணக்கு வாங்கப் போனேன். பெரியவர் திண்ணையில் உட்கார வைத்து மோர் கொடுத்தார். அப்புறம் உள்ளே போய் ஒரு துணி மூட்டையைக் கொண்டுவந்து வைத்தார். அடங்கல், சிட்டா, அ பதிவேடு என்ற நிலக் கணக்குகள் எல்லாம் அதில் இருந்தன. நான் கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டேன். எழுந்திருக்கும்போது, "தம்பி, இது சர்க்கார் கணக்கு. ஊர்க் கணக்கு இங்கே இருக்கு" என்று நெற்றியைத் தொட்டுக் காட்டினார். யார் பேரில் பட்டா, யார் உண்மையில் ஓட்டுகிறார், எந்த வரப்பு எந்தச் சண்டைக்குப் பிறகு நகர்ந்தது, எல்லாம் அவர் தலையில். அதில் பாதியைத் தெரிந்துகொள்ள எனக்குப் பல ஜமாபந்தி (வருடாந்திரக் கணக்குத் தணிக்கை) ஆனது.

பிறகு ஒரு கல்லூரி நண்பர் கொடுத்த ஜெராக்ஸில் கராஷிமாவின் அல்லூர்க் கட்டுரையைப் படித்தபோது, இந்த மனுஷன் கர்ணம் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்தவன் மாதிரி எழுதுகிறானே என்று தோன்றியது.

மார்ச் 5, இரவு 10.20

இரண்டு நாள் வரவில்லை, பேரன் காய்ச்சல். இப்போது சோழர் காலத்து வருவாய்த் துறைக்கு வருகிறேன். என் சொந்தத் துறை என்பதால் கொஞ்சம் நீளும்.

திருவாலங்காட்டுச் செப்பேடு தெரியுமா? ராஜேந்திர சோழன் காலத்தது, 31 ஏடுகள். திருவாலங்காடு இப்போது திருவள்ளூர் மாவட்டம், அந்தக் காலத்தில் வட ஆற்காடு ஜில்லா. எனவே அதுவும் நம்ம கணக்கு. பழையனூர் என்ற ஊர் பிரமதேயமாக (பிராமணருக்குக் கொடுத்த ஊர்) இருந்தது, அதை வெள்ளான்வகையாக (வேளாளர் ஊர்) மாற்றித் திருவாலங்காட்டுக் கோயிலுக்குத் தேவதானமாக (கோயில் சொத்து) கொடுக்கிறார்கள். அந்த உத்தரவு எத்தனை கை மாறுகிறது என்று பாருங்கள். ராஜா வாயால் சொல்கிறார், ஓலை எழுதுகிறவர் எழுதுகிறார், ஓலைநாயகம் பார்க்கிறார், அப்புறம் புரவுவரித் திணைக்களம் (அதாவது வருவாய்த் துறை), வரிப்பொத்தகம், முகவெட்டி, பட்டோலை என்று வரிசையாக ஆட்கள் பெயரோடு வருகிறார்கள். கடைசியில் ஊருக்குப் போய்ப் பெண் யானையை எல்லை சுற்றி நடக்கவிட்டு, கல்லும் கள்ளியும் நட்டு முடிக்கிறார்கள். எங்கள் ஆபீஸில் ஒரு ஃபைல் கிளார்க்கிடமிருந்து கலெக்டர் மேஜைக்குப் போய்த் திரும்பும் அதே பாதை. யானைக்குப் பதிலாக எங்களிடம் சங்கிலி பிடிக்கும் ஆள் இருந்தார், அவ்வளவுதான்.

இந்த வரிசையில் வரும் அதிகாரிகளின் பெயர்களைத்தான் கராஷிமா பிடித்துக்கொண்டார். தமிழ்நாட்டுக் கல்வெட்டு அறிஞர் சுப்பராயலுவும் ஜப்பானியரான மட்சுயியும் அவரும் சேர்ந்து 1978இல் சோழர் கல்வெட்டுகளில் வரும் ஆட்பெயர்களுக்கு ஓர் அகராதி போட்டார்கள், மூன்று தொகுதி. மதுரை சர்வோதய இலக்கியப் பண்ணை வெளியீடு. கம்ப்யூட்டர் என்ற சொல்லையே நம் ஊரில் யாரும் கேட்டிராத நாளில், பெயர்களை அதில் ஏற்றி எண்ணியிருக்கிறார்கள். அதில் 'மூவேந்தவேளான்' என்ற பட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். முதலாம் ராஜராஜன் காலத்திலிருந்து அது பெருகுகிறது. ஊரில் நிலம் வைத்திருந்த பெரிய குடும்பத்து ஆட்கள் அரசாங்க வேலைக்கு வருகிறார்கள், அரசன் பட்டம் கொடுத்துக் கைக்குள் வைத்துக்கொள்கிறான். ராஜராஜன் நிலம் அளந்தது, வளநாடு என்று புதுப் பிரிவு போட்டது, வருவாய்க்குத் தனித் திணைக்களம் வைத்தது, எல்லாம் இதோடு சேர்கிறது. ராஜா வெறும் பொம்மை இல்லை என்பது கராஷிமாவின் முடிவு.

பொம்மை என்று சொன்னது யார் என்று கேட்பீர்கள். பர்ட்டன் ஸ்டெய்ன் என்ற அமெரிக்கர், 1980இல் ஒரு தடித்த புத்தகம். அவர் பார்வையில் சோழ அரசு என்பது நாடு நாடாக (பல ஊர் சேர்ந்த சிறு பகுதிதான் அன்றைய 'நாடு') தன்னைத்தானே ஆண்டுகொண்ட துண்டுகளின் தொகுப்பு. தஞ்சைக்கு வெளியே ராஜாவுக்கு இருந்தது சடங்கு மரியாதைதான், வரி வாங்கும் கை இல்லை என்றார்.

மார்ச் 6, காலை 7.00

ஸ்டெய்ன் அந்தக் கருத்தை எங்கிருந்து எடுத்தார் தெரியுமா? ஆப்பிரிக்காவில் உகாண்டாப் பக்கம் அலூர் என்ற மக்களைப் பற்றி ஒரு மானிடவியலாளர் எழுதியதிலிருந்து. கராஷிமா தொடங்கியதோ அல்லூரிலிருந்து. அலூருக்கும் அல்லூருக்கும் நடந்த சண்டையில் தமிழ்நாட்டு வரலாறு ஐம்பது வருஷம் வளர்ந்தது. எழுதிவிட்டுத் தனியாகச் சிரித்துக்கொண்டிருக்கிறேன், வீட்டில் ஒரு மாதிரியாகப் பார்க்கிறார்கள்.

மார்ச் 8, மதியம் 2.40

காட்பாடித் தம்பி மறுபடியும், "அதெல்லாம் சோழன். வேலூர் எங்கே?" என்கிறார். வந்துவிட்டேன் தம்பி, அவசரப்படாதே.

கலெக்டர் ஆபீஸ் இருக்கிற சத்துவாச்சாரியில் ஒரு கல் இருந்தது. அரப்பாக்கத்தில் இன்னொன்று. இதே சங்கதியைச் சொல்லும் கல் சுற்றுவட்டாரத்தில் இன்னும் உண்டு. 1890இல் ஹுல்ட்ஸ் என்ற ஜெர்மானியக் கல்வெட்டு அறிஞர் வெளியிட்ட தென்னிந்தியக் கல்வெட்டுகள் முதல் தொகுதியிலேயே அச்சாகிவிட்டன. காலம் 1566-67. தலைக்கோட்டைப் போர் 1565 ஜனவரியில் முடிந்து, விஜயநகரம் இடிந்து கிடந்த நேரம். பெயருக்கு ராஜா சதாசிவராயர். உண்மையான பிடி, போரில் இறந்த ராமராயரின் தம்பி திருமலைராயர் கையில். வேலூரில் இருந்தவர் சின்ன பொம்மு நாயக்கர். கல் சொல்வது இதுதான்: வேலூர் சின்ன பொம்மு நாயக்கர் கேட்டுக்கொள்ள, திருமலைராயர் விண்ணப்பம் செய்ய, சதாசிவராயர் இந்த ஊரை வேலூர் ஜ்வரகண்டேசுவரருக்குக் கொடுத்தார். கோட்டைக்குள் இருக்கும் நம்ம ஜலகண்டேஸ்வரர்தான் அவர்.

எங்கள் துறையில் 'உரிய வழியாக' என்று எழுதுவோம். கீழே இருப்பவர் நேராக மேலே எழுதக் கூடாது, நடுவில் இருப்பவர் பரிந்துரைக்க வேண்டும். இந்தக் கல்லில் அப்படியே இருக்கிறது.

கராஷிமா செய்தது, இப்படிப்பட்ட கல் ஒன்றிரண்டை எடுத்துக் கதை சொல்லாமல், வட ஆற்காடு, தென் ஆற்காடு இரண்டு மாவட்டத்திலும் நாயக்கர் பெயர் வரும் கல்வெட்டுகளையெல்லாம் திரட்டி அடுக்கியது. எந்த நாயக்கர், எந்த வருஷம், எந்த ஊர், ராஜா பெயரைச் சொல்கிறாரா, தானே வரி தள்ளுபடி செய்கிறாரா, அவருக்குக் கீழே காரியம் பார்க்க ஆள் இருக்கிறாரா. அப்படி அடுக்கினபோது 15ஆம் நூற்றாண்டின் முடிவுக்குப் பிறகு நாயக்கர்கள் மளமளவென்று பெருகுவது தெரிகிறது. 'நாயக்கத்தனம்' என்று ஒரு பகுதியை ராஜாவிடமிருந்து பெற்று, பதிலுக்குப் படை கொடுத்து, அந்தப் பகுதியைத் தாங்களே ஆள்கிறார்கள். சோழர் காலத்து நாட்டாரிடமிருந்து (அந்த 'நாடு'களின் நிலக்காரத் தலைவர்கள்) அதிகாரம் இவர்கள் கைக்கு வந்துவிட்டது. இது வேறு மாதிரியான சமூகம் என்று அவர் சொன்னார், நிலப்பிரபுத்துவம் என்ற சொல்லையும் பயன்படுத்தத் தயங்கவில்லை. அந்த வாதத்துக்கு அஸ்திவாரமாக இருந்தவை நம் இரண்டு மாவட்டத்துக் கல்வெட்டுகள். போதுமா?

மார்ச் 8, இரவு 9.15

மதியம் எழுதியதைப் படித்துவிட்டு ஆரணியிலிருந்து ஓர் அம்மா ஒரு நல்ல கேள்வி போட்டிருக்கிறார். 1566இல் சதாசிவராயர் கையில் ஒன்றுமே இல்லை என்றால், சின்ன பொம்மு நாயக்கர் எதற்கு அவர் பெயரைச் சொல்லிக்கொண்டு நிற்க வேண்டும்? தானே கொடுத்துவிட்டுப் போகலாமே?

யோசித்துப் பார்த்தால் இந்த இடத்தில் ஸ்டெய்னுக்கு ஒரு மார்க் போட வேண்டியிருக்கிறது. கையில் அதிகாரம் இல்லாத ராஜாவின் பெயருக்கு மரியாதை மட்டும் மிச்சம் இருந்தது, அந்தப் பெயர் கல்லில் இல்லாமல் தானம் நிறைவாகாது. ஸ்டெய்ன் சோழனுக்குச் சொன்னது சோழனுக்குப் பொருந்தாமல், ஐந்நூறு வருஷம் கழித்து நம் வேலூருக்குப் பொருந்துகிறது! கராஷிமா கட்சிக்காரனான நானே இதைச் சொல்கிறேன்.

அம்மாவுக்கு ஒரு உபரித் தகவல். உங்கள் ஆரணிக்குப் பக்கத்தில் அடையபலம் காலகண்டேசுவரர் கோயிலில் 1582ஆம் வருஷக் கல்வெட்டு இருக்கிறது. அப்பய்ய தீட்சிதருக்கு இதே சின்ன பொம்மன் பொன்னால் அபிஷேகம் செய்ததைச் சொல்வது. தீட்சிதரின் சொந்த ஊர் அது.

மார்ச் 9, காலை 6.40

சத்துவாச்சாரி பற்றி ஒன்று விட்டுப்போயிற்று. கோட்டைக் கோயிலில் மூர்த்தி இல்லாமல் எத்தனையோ தலைமுறை போனது. லிங்கம் சத்துவாச்சாரியில்தான் இருந்தது. 1981 மார்ச்சில் அங்கிருந்து கொண்டுவந்து கோட்டைக்குள் திரும்ப வைத்தார்கள். 1566இல் சத்துவாச்சாரியை எழுதி வாங்கிய சாமி, பிறகு போய்த் தங்கியதும் தன் சொந்த நிலத்தில்தான் என்று எங்கள் ஆபீஸில் சொல்லிச் சிரிப்போம்.

மார்ச் 9, இரவு 8.00

"நாயக்கர்கள் வெளியிலிருந்து வந்து சுரண்டினவர்கள், அவர்களுக்கு என்ன ஆராய்ச்சி" என்று ஒருவர் கோபமாக எழுதியிருக்கிறார். சார், வரி வாங்காத அரசு எது? கராஷிமா அந்தச் சுமையை மறைக்கவில்லை. அவரும் சுப்பராயலுவும் 1429ஆம் வருஷக் கல்வெட்டுகளை வைத்து ஒரு கட்டுரை எழுதியிருக்கிறார்கள். விருத்தாசலம், திருவைகாவூர் பக்கமெல்லாம் வலங்கை 98, இடங்கை 98 என்று இரண்டு அணியாகப் பிரிந்திருந்த சாதிகளும் ஒன்று கூடி, அதிகாரிகளும் நிலக்காரர்களும் கேட்கும் அநியாய வரியைக் கொடுக்க மாட்டோம், அவர்களுக்குக் கணக்கு எழுதவும் மாட்டோம் என்று கட்டுப்பாடு செய்த கல்வெட்டுகள். ஜென்மத்துக்கும் சண்டை போட்டுக்கொண்ட வலங்கையும் இடங்கையும் ஒரே கல்லில். கணக்கு எழுத மறுப்பது எவ்வளவு பெரிய ஆயுதம் என்று எங்களைக் கேளுங்கள்.

இன்னொரு பக்கமும் உண்டு. அதே 15ஆம் நூற்றாண்டின் கடைசியில் தென் ஆற்காட்டுப் பக்கம் நெசவாளரான கைக்கோளருக்குத் தண்டும் சங்கும், அதாவது பல்லக்கும் சங்கு ஊதுவதும், உரிமையாகக் கிடைக்கின்றன. எந்த முறைப்படி என்றால், காஞ்சிபுரத்திலும் விரிஞ்சிபுரத்திலும் இருக்கிற முறைப்படி. நெசவாளருக்கு மரியாதை கொடுப்பதில் காஞ்சிபுரத்துக்குச் சமமாக நம்ம விரிஞ்சிபுரம் நின்றிருக்கிறது! இன்றைக்கு அந்த ஊரில் பஸ் நிற்பதே பெரிய விஷயம். நெசவு குடியாத்தத்து லுங்கியாகப் பிழைத்துக் கிடக்கிறது.

மார்ச் 10, காலை 11.30

கராஷிமாவின் எண்ணும் முறையைக் கிண்டல் செய்து ஒரு நண்பர், "வரலாறா, ரேஷன் கடைப் பதிவேடா?" என்கிறார். நல்ல கேள்விதான், அவரைப் படிக்கும்போது எனக்கும் சில பக்கங்களில் கண் சொருகும். ஆனால் ஒன்று. 1972இல் அவரும் சீதாராமனும் சேர்ந்து சோழர் கல்வெட்டில் வரும் வரிப்பெயர்களை எண்ணினார்கள். நூற்றுக்கணக்கில் பெயர் இருக்கிறது. அதற்கு முன் எழுதினவர்கள் அத்தனையையும் ஒரு பட்டியலாகக் கொடுத்துவிட்டு, 'சோழர் காலத்தில் இத்தனை வரி' என்று மூச்சு வாங்குவார்கள். எண்ணிப் பார்த்தால் பெரும்பாலானவை அங்கொன்றும் இங்கொன்றுமாக வருபவை. திரும்பத் திரும்ப வருபவை ஒரு கைப்பிடி: கடமை, குடிமை, அந்தராயம், வெட்டி, முட்டையாள், எச்சோறு, தட்டார்ப்பாட்டம். குடியானவன் தலையில் உண்மையில் உட்கார்ந்தது எது என்று அப்போதுதான் தெரிகிறது. நிலவரி (கடமை) ஒரு பக்கம், கூலியில்லா வேலை (வெட்டி) இன்னொரு பக்கம். வெட்டிக்குப் போகும் வழக்கத்தின் வாலை நான் வேலைக்குச் சேர்ந்த நாளில்கூடச் சில ஊர்களில் பார்த்திருக்கிறேன்.

ஓய்வு பெற்ற புதிதில் நானும் ஒரு நீள நோட்டுப் போட்டு, நம் மாவட்டக் கல்வெட்டுகளில் வரும் வரிகளைக் குறிக்க ஆரம்பித்தேன். திருவல்லம், மேல்பாடி, விரிஞ்சிபுரம் என்று போனது. பாதியில் நிற்கிறது. எது வரி, எது கோயிலுக்குக் கொடுக்கும் முறை, எது ஆள் பெயர் என்று பிரிப்பதற்குள் தலை சுற்றுகிறது. அந்தாள் இதை வேற்று மொழியில் கற்றுக்கொண்டு செய்தார்.

மார்ச் 12, இரவு 10.45

கோவை மாநாடு. வந்தே தீர வேண்டிய இடம், வந்துவிட்டது.

1989இலிருந்து உலகத் தமிழாராய்ச்சி மன்றத்தின் தலைவர் அவர். 1995 தஞ்சாவூர் எட்டாம் மாநாடு அவர் தலைமையில்தான் நடந்தது. அந்த மாநாட்டுக்கு வந்த இலங்கை அறிஞர்கள் சிலரை, சிவத்தம்பி உட்பட, திருப்பி அனுப்பினார்கள். ஊர் முழுக்க கட்அவுட். அதைக் கண்ணால் பார்த்த மனிதரிடம், 2009 செப்டம்பரில் அறிவித்து அடுத்த சில மாதத்தில் உலக மாநாடு என்றால் என்ன சொல்வார்? கட்டுரை கேட்டு வாங்கிப் படித்துத் தேர்ந்தெடுக்கக் கால அவகாசம் வேண்டும் என்றார். அரசு ஜூன் 2010க்குமேல் தள்ளத் தயாராக இல்லை. மன்றம் ஒதுங்கிக்கொண்டது, அரசு தானே செம்மொழி மாநாடு என்ற பெயரில் நடத்தியது. அவரும் தலைவர் பதவியிலிருந்து விலகி, தன் பக்கத்து நியாயத்தை அந்த ஜூலையில் தி இந்துவில் எழுதினார்.

தமிழுக்கு மாநாடு வேண்டாம் என்று அவர் சொல்லவில்லையே. அவசரமாக வேண்டாம் என்றார். தமிழ்நாட்டில் மேடைக்கு வர மாட்டேன் என்று ஒரு ஆராய்ச்சியாளர் சொன்னது அபூர்வம், அதனால்தான் அது அத்தனை பேருக்கு உறுத்தியது. என் கருத்தில் அவர் செய்தது சரி. மாற்றுக் கருத்து இருந்தால் எழுதுங்கள், கட்சிச் சண்டை மட்டும் வேண்டாம்.

மார்ச் 13, காலை 7.20

கட்சிச் சண்டை வேண்டாம் என்று எழுதிய பிறகு வந்திருக்கும் பதில்களைப் பார்த்தேன். பதில் எழுதுவதாக இல்லை.

மார்ச் 15, மாலை 4.00

விரிஞ்சிபுரம் என்றதும் பேரணாம்பட்டு நண்பர் அங்கே வேறு என்ன இருக்கிறது என்று கேட்டார். இது கராஷிமாவை விட்டு வெளியே போகும் சங்கதி, போனால் போகட்டும்.

மார்க்கபந்தீசுவரர் கோயில் முன் கோபுரத்தின் உள்பக்கம் ஒரு கல்வெட்டு. சக வருஷம் 1347, அதாவது 1426 வாக்கில், விஜயநகரத் தேவராயர் ஆட்சி. நம் பகுதியான படைவீட்டு ராஜ்யத்துப் பிராமணர்கள் எல்லாரும், கன்னடர், தமிழர், தெலுங்கர், இலாடர் (குஜராத் பக்கத்தவர்) என்று பிரித்துச் சொல்லி, கூடி ஓர் உடன்படிக்கை எழுதுகிறார்கள். இன்றுமுதல் கல்யாணம் கன்னிகாதானமாகத்தான் நடக்க வேண்டும். பொன் வாங்கிக்கொண்டு பெண் கொடுப்பவரும், பொன் கொடுத்துப் பெண் கட்டுபவரும் ராஜதண்டனைக்கு உரியவர்கள், பிராமணத்துவத்துக்கும் புறம்பானவர்கள். கீழே வரிசையாகக் கையெழுத்து.

இங்கே தடுக்கப்படுவது பெண் வீட்டார் வாங்கும் பணம் என்பதைக் கவனியுங்கள். இப்போது நடப்பது தலைகீழ். அதுவும் இப்படிக் கையெழுத்துப் போட்டுக் கல்லில் வெட்ட வேண்டிய அளவுக்கு அன்றைக்கு நடந்திருக்கிறது. எதுவும் நடக்காத ஊரில் யாரும் தடைச் சட்டம் போட மாட்டார்கள். நாலு மொழிக்காரர்களும் ஒரே ராஜ்யத்தில் சேர்ந்து உட்கார்ந்து பேசியிருக்கிறார்கள் என்பது எனக்கு அதைவிடப் பெரிய செய்தி.

மார்ச் 16, இரவு 9.30

ஒரு வயிற்றெரிச்சல். அணைக்கட்டுப் பக்கம் ஒரு சின்ன கோயில், பெயர் வேண்டாம். நான் அங்கே வேலை பார்த்தபோது அர்த்தமண்டபத்து வெளிச்சுவரில் ஏழெட்டு வரி இருந்தது. குடமுழுக்குக்கு முன்னால் மணல் பீய்ச்சிச் சுத்தம் செய்தார்கள். சுவர் இப்போது புதுக் கல் மாதிரி பளபளக்கிறது, விரலால் தடவினால் எழுத்தின் பள்ளம்கூடத் தட்டவில்லை. வேலை எடுத்தவர் என்னிடம், "சார், கிறுக்கல் எல்லாம் போயிடுச்சு, நீட்டா இருக்கு" என்று பெருமையாகச் சொன்னார். அதில் என்ன இருந்திருக்கும்? இரண்டு விளக்குக்கு ஆடு கொடுத்திருப்பார்கள், அல்லது நாலு குழி நிலம். ராஜா பெயர்கூட இருந்திருக்காது. கராஷிமாவின் பட்டியலில் ஒரு வரியாக வந்திருக்கக்கூடிய கல்.

கல்வெட்டுப் படிக்கும் ஆட்கள் குறைந்துகொண்டே போகிறார்கள், துறையைக் காப்பாற்றுங்கள் என்று அவர் கடைசிவரை எழுதிக்கொண்டிருந்தார்.

மார்ச் 18, காலை 8.10

ஆரணி அம்மா மறுபடி: "கல்லில் இருப்பதெல்லாம் நிலம் வைத்திருந்தவர்கள். உழுதவர்கள் எங்கே?"

இதுதான் அவரைப் பற்றிக் கேட்க வேண்டிய கேள்வி. எண்ணுகிறவர் கல்லில் இருப்பதைத்தான் எண்ண முடியும், கல் வெட்டிக்கொள்ள வசதி இருந்தவன்தான் கல்லில் இருக்கிறான். அவருக்கும் இது தெரியும். 1997இல் தீண்டப்படாதவர்கள் தமிழ்க் கல்வெட்டுகளில் எப்படி வருகிறார்கள் என்று தனியாக ஒரு கட்டுரை எழுதினார். ராஜராஜனின் தஞ்சைக் கல்வெட்டில் ஒவ்வொரு ஊருக்கும் வரியிலிருந்து கழித்துக்கொள்ளும் இடங்களின் பட்டியல் உண்டு: ஊர்நத்தம், குளம், கம்மாணசேரி (கைவினைஞர் குடியிருப்பு), பறைச்சேரி, சுடுகாடு. சில ஊர்களில் தீண்டாச்சேரி என்றே இருக்கிறது. உழுதவர்கள் அங்கே இருக்கிறார்கள் அம்மா, ஆளாக இல்லை, வரி வராத இடமாக. நான் எழுதிய அ பதிவேட்டிலும் நத்தம், சுடுகாடு எல்லாம் ஒரே பக்கத்தில்தான் வந்தன, புறம்போக்கு என்று தலைப்புப் போட்டு.

மார்ச் 18, இரவு 9.00

காட்பாடித் தம்பிக்குப் பாக்கி ஒன்று, "ஏன் கொண்டாட்டம்" என்ற கேள்வி. அரசு கொண்டாடியது தாமதமாகத்தான். பத்மஸ்ரீ 2013இல். உடல்நிலையால் டெல்லிக்கு வர முடியவில்லை, மன்மோகன் சிங் தோக்கியோ போயிருந்தபோது அங்கேயே கையில் கொடுத்தார். 2014இல் தென்னிந்திய வரலாற்றைச் சுருக்கமாக ஒரே புத்தகமாகத் தொகுத்து வெளியிட்டார். 2015 நவம்பர் 26இல் இறந்தார், வயது 82.

மார்ச் 19, காலை 6.30

விரிஞ்சிபுரம் போய்க் கல்லைப் பார்க்கலாம் என்று நாலைந்து பேர் கிளம்பியிருக்கிறீர்கள், சந்தோஷம். கார்த்திகைக் கடை ஞாயிறு அன்று மட்டும் போகாதீர்கள், பிள்ளை வரம் கேட்டு வரும் கூட்டத்தில் கோபுர வாசலில் நிற்கக்கூட இடம் இருக்காது. சாதாரண நாளில் வெயில் ஏறுவதற்குள் போய்விடுங்கள். கோபுரத்துக்குள் இருட்டு, நல்ல டார்ச் வேண்டும். வெளிச்சத்தை நேராக அடிக்காமல் பக்கவாட்டில் சாய்த்து அடித்தால் எழுத்து எழுந்து நிற்கும். கல்லில் மாவு, சாக்பீஸ், எண்ணெய் எதுவும் தடவாதீர்கள், குருக்கள் திட்டுவார், நானும் திட்டுவேன். ஹுல்ட்ஸ் தொகுதியில் எண் 56, பிரிண்ட் எடுத்துக்கொண்டு போங்கள். இல்லாவிட்டால் முதல் வரியிலேயே உட்கார்ந்துவிடுவீர்கள்.